லிஸ்ட்ல எடுக்காத பேரு

ஹேக்கரா? நல்லா சிரிக்க வச்சிய தம்பி. தூத்துக்குடியில ஒரு கன்டெய்னர் ஏஜென்சி ஆபீசுக்குள்ள நுழைய ரஷ்யாவுல இருந்து ஒருத்தன் மெனக்கெட்டு வாரானாக்கும்? யாரு சொன்னா, எங்க பழைய முதலாளி தேவபிரசாதம் அண்ணாச்சியா? சரிதான். ஃபைல் எப்படி வெளிய போச்சுன்னு கண்டுபிடிக்க உங்கள சென்னையில இருந்து பிளைட்டுல வரவச்சிருக்காவ, ஏதாச்சும் பெருசா சொல்லாண்டாமா. உக்காருங்க.

நான் அங்கன பதினோரு வருசம் டாக்குமென்ட் பாத்தேன். இந்த ஃபைல் சிங்க் சாப்ட்வேரப் போடச் சொன்னதே நான்தான். ஒரு கம்ப்யூட்டர்ல மாத்துனா எல்லாத்துலயும் தானா மாறிரும். நல்ல சாமான், வச்சிக்கிடத் தெரிஞ்சா.

அப்டேட் கேக்கும். அண்ணாச்சி அப்புறம் அப்புறம்னு ரெண்டு வருசமா அமுக்குனாவ. பழசுல ஓட்டை இருக்கு, அத அடைக்கத்தான் அப்டேட்டுன்னேன். ஓட்டை இருந்தா ஒழுகியிருக்கும்லா, விஜிலான்னு என்னயக் கேட்டாவ. ஆபீசே சிரிச்சிச்சி. பாஸ்வேர்டு என்ன தெரியுமா? ஆபீஸ் பேரும் ஒண்ணு ரெண்டு மூணும். போனுக்கு ஒரு நம்பர் வரும், அதையும் போட்டாத்தான் திறக்கும், அப்படி வைப்போம்னேன். நான் சர்ச்சுல இருக்கையில போன் அடிச்சா யாரு எடுக்கன்னாவ. கஸ்டமருக்கு அனுப்புத லிங்க்க ஒரு தேதிக்கு மேல திறக்காத மாதிரி வைங்கன்னேன். வாயாடின்னு பேரு வாங்குனதுதான் மிச்சம்.

எழுதுதியளா? எழுதுங்க. நீங்க இங்கிலீசுல சொன்னா தலையாட்டுவாவ.

போன வருசம் என்னய வேலைய விட்டு நிப்பாட்டுனாவ. பீரோ சாவி, மாடி கக்கூசு சாவி முதக்கொண்டு எண்ணி வாங்குனாவ. சாப்ட்வேர் லிஸ்ட்ல எம்பேர எடுக்கல. வீட்டுல லேப்டாப்பத் திறந்தா ஆபீஸ் ஃபைல் பூரா வந்து விழுது. எடுங்கன்னு ரெண்டு மெயில் போட்டேன், இன்னா பாருங்க. பதிலே இல்ல.

ஆமா, நானே துண்டிச்சிருக்கலாம். துண்டிக்கத்தான் உக்காந்தேன். அன்னைக்குன்னு ஆறுமுகநயினார் செத்த சேதி வந்துச்சு. எங்க ஏஜென்சியில சரக்கு இறக்குத லோடுமேன், ஊரு விளாத்திகுளத்துப் பக்கம். பூச்சிக்கு மருந்துப் புகை போட்ட கன்டெய்னர், நாலு நாளு காத்தாட விடணும். மறுநாளே திறந்து அவன உள்ள இறக்கிருக்காவ. மயங்கி விழுந்தவன் எந்திரிக்கல. முப்பத்தெட்டு வயசு. குடிச்சிருந்தான்னு சொல்லிட்டாவ. டீயக்கூட பாதிதான் குடிப்பான் அவன்.

புகை போட்ட சர்ட்டிபிகேட்டு லேப்டாப்புல என் கண்ணு முன்னால மாறுச்சு. அவன் செத்தது பதிமூணாம் தேதி. புகை போட்டது காலையில பன்னெண்டாம் தேதின்னு இருந்துச்சு, மத்தியானம் பாத்தா எட்டாம் தேதின்னு இருக்கு. ஆனா சாப்ட்வேரு பழசையும் வச்சிருக்கும்லா, மாத்துனது யாரு, எத்தன மணின்னு பேரோட. வேற யாரு, அண்ணாச்சியேதான்.

அழுகையா வந்துச்சு. பொறவு ரெண்டையும் பிரிண்ட் எடுத்தேன். அவன் பொண்டாட்டி பொன்செல்வியக் கூட்டிட்டுப் போயி போலீஸ்ல குடுத்தேன்.

ஆமா தம்பி, நீங்க தேடி வந்த ஆளு நான்தான். என்ன பேனாவ மூடிட்டிய? எம்மேல கேசு போடுவாவளா? போடட்டும். நான் எந்த ஃபைல எடுத்தேன்னு கோர்ட்டுல அவியளே திறந்து காட்டணும்லா.