இது மன்னார் இல்லை

ஹமீட்: அதைத்தான் இந்த ஆமிப் பெரியவர், மாத்தயா, திரும்பத் திரும்பக் கேக்கிறார், மாஸ்டர். உங்கடை படத்திலை இஞ்சாலை கரை. அங்காலை தீவு. நடுவிலை கடலைத் தூத்துப் போட்ட தாம்போதி. இது மன்னார் இல்லையெண்டா வேற எது?

சீவரத்தினம்: தீர், நானா. தீர் எண்டு ஒரு பட்டினம். லெபனான் பக்கம். ரெண்டாயிரத்துச் சொச்சம் வருசத்துக்கு முந்தி...

ஹமீட்: அந்தப் பேரிலைதான் பிழை வந்தது. உங்களைச் செக் பண்ணின சார்ஜன் தமிழ் படிக்கிறவன். "தீர்" எண்டா "முடிச்சுப்போடு" எண்டு அவனுக்கு ஆரோ சொல்லிக் குடுத்திருக்கு. தீவுக்கு மேலை சிவப்பிலை "தீர்" எண்டு எழுதியிருக்கிறியள். சுத்திவரக் கப்பல். கப்பலுக்குக் கப்பல் அம்புக்குறி...

சீவரத்தினம்: ஐயோ... வீட்டிலை சிவப்புப் பேனைதான் கிடந்தது.

ஹமீட்: கையைக் கீழை விடுங்கோ. கதிரையிலை வடிவா இருங்கோ. பதறினா இன்னும் சந்தேகப்படுவார்.

சீவரத்தினம்: அவர் இப்ப வோக்கிடோக்கியிலை என்னவாம் சொன்னவர்?

ஹமீட்: ஜீப் கேட்டிருக்கிறார். உங்களைப் பெரிய முகாமுக்கு அனுப்ப.

சீவரத்தினம்: ...அங்கை போனா?

ஹமீட்: அங்கை நான் இல்லை. அவ்வளவுதான் சொல்லுவன். ஜீப் வர முந்தி இவரை நம்பப்பண்ண வேணும். நீங்கள் தமிழிலை சொல்லுங்கோ, நான் சிங்களத்திலை சொல்லிக்கொண்டு போறன். ஆர் நீங்கள்? எங்கை போறியள்?

சீவரத்தினம்: பேர் சீவரத்தினம். நறுவிலிக்குளம். சரித்திரம் படிப்பிக்கிறனான். பள்ளிமுனையிலை ஏ.எல். பிள்ளையளுக்கு ரியூசன். கிரேக்க உரோம நாகரிகம். இண்டைக்கு அலெக்சாந்தர் பாடம். அதுக்குத்தான் இந்தப் படம்.

ஹமீட்: பொறுங்கோ... சொல்லிப்போட்டன். அலெக்சாந்தர் எண்டா எங்கட ஆக்கள் சொல்லுற இஸ்கந்தர் ராசாவோ?

சீவரத்தினம்: ஓம், அவன்தான்.

ஹமீட்: மாத்தயாவுக்குப் பேர் மட்டும் தெரியுமாம். நீங்கள் உண்மையான மாஸ்டர் எண்டா அவன் பிறந்ததிலை இருந்து செத்தது வரைக்கும் நிப்பாட்டாமல் சொல்லட்டாம். பொய்க்காரனெண்டா நடுவிலை எங்கையாவது தடக்குப்படுவானாம்.

சீவரத்தினம்: இப்பவோ? தண்ணி ஒரு மிடறு...

ஹமீட்: இந்தாங்கோ. குடிச்சிட்டுத் தொடங்குங்கோ.

சீவரத்தினம்: மசிடோனியா எண்டு ஒரு நாடு. பிலிப்பு ராசா. அவன்ரை மோன்தான் அலெக்சாந்தர். சின்னனிலை ஒரு குதிரை கொண்டு வந்தாங்கள், ஒருத்தரையும் ஏற விடாது. இவன் கண்டுபிடிச்சிட்டான், அது தன்ரை நிழலுக்குத்தான் வெருளுது எண்டு. முகத்தைச் சூரியன் பக்கம் திருப்பினான். நிழல் பின்னாலை போட்டுது. ஏறி ஓடினான்.

ஹமீட்: நிழலுக்கு வெருளுற குதிரையோ? எங்கட மன்னார்க் கழுதையள் பஸ்ஸுக்கும் அசையாது.

சீவரத்தினம்: நானா, இதையும் சொல்லிப்போடாதேங்கோ.

ஹமீட்: சொல்லிப்போட்டன். அங்கை பாருங்கோ, சிரிக்கிறார். சிரிச்சா நல்லம். சொல்லுங்கோ, சொல்லுங்கோ.

சீவரத்தினம்: மகளின்ரை கலியாண நாளிலை பிலிப்பைக் குத்திக் கொலை செய்துபோட்டாங்கள். இவன் ராசாவானான். இருபது வயது. பேந்து பாரசீகத்துக்குப் படையெடுத்தான். பாரசீகத்து ராசா தாரியுஸ், உலகத்திலை பெரிய பணக்காரன். ஆத்தங்கரையிலை ஒரு சண்டை, அதிலை தாரியுஸின்ரை தளபதிமார் தோத்தாங்கள். ரெண்டாஞ் சண்டைக்குத் தாரியுஸே வந்தான். வந்து, தாயையும் பெண்சாதியையும் பிள்ளையளையும் கூடாரத்திலை விட்டிட்டுத் தப்பி ஓடினான்.

ஹமீட்: விட்டிட்டோ?

சீவரத்தினம்: ஓம். ஆனா அலெக்சாந்தர் அவையளிலை ஒருத்தரையும் கை வைக்க விடேல்லை. மரியாதையா வைச்சிருந்தான்.

ஹமீட்: ...சொல்லிப்போட்டன். மாத்தயா தலையாட்டுறார். அதுக்குப் பிறகுதான் இந்தத் தீவோ?

சீவரத்தினம்: ஓம். தீர். கரையிலை இருந்து அரைக் கட்டை தூரம். சுத்திவர மதில். உங்கடை கோயிலிலை பூசை வைக்க வாறன் எண்டு அலெக்சாந்தர் கேட்டு விட்டான். அவை வேண்டாம் எண்டிட்டினம். இவனட்டைக் கப்பல் இல்லை. அப்ப என்ன செய்தான் தெரியுமோ, கரையிலை இருந்த பழைய ஊரை இடிச்சு, அந்தக் கல்லை எல்லாம் கடலிலை கொட்டித் தாம்போதி போட்டான்.

ஹமீட்: வீடுகளை இடிச்சோ?

சீவரத்தினம்: வீடு, கோயில், எல்லாம். தீவுச் சனம் ஒரு பழைய கப்பலிலை தாரை நிரப்பி, கொழுத்தி, தாம்போதியிலை கொண்டுவந்து மோதிச்சுது. எல்லாம் எரிஞ்சுது. இவன் திரும்பக் கட்டினான். அகலமாக் கட்டினான். பேந்து சீதோனிலை இருந்தும் சைப்பிரசிலை இருந்தும் கப்பல் எடுப்பிச்சுச் சுத்தி வளைச்சான். ஏழு மாசம். கடைசியிலை மதில் உடைஞ்சுது. படத்திலை கிடக்கிற அம்புக்குறி எல்லாம் அதுதான், நானா. நான் கோயிலிலை வைச்சும் சத்தியம் பண்ணுவன்.

ஹமீட்: கதிரையாலை எழும்பாதேங்கோ... பொறுங்கோ, இதை வடிவாச் சொல்ல வேணும்.

சீவரத்தினம்: நம்புறாரோ?

ஹமீட்: படத்தைத் திருப்பித் திருப்பிப் பாக்கிறார். வடக்கு எந்தப் பக்கமாம்?

சீவரத்தினம்: அந்த மூலையிலை போட்டிருக்கு. பாருங்கோ, தீவு மேற்கை கிடக்கு, கரை கிழக்கை.

ஹமீட்: மன்னாரும் அப்பிடித்தானே மாஸ்டர் கிடக்கு.

சீவரத்தினம்: ...கடவுளே. அதுக்கு நான் என்ன செய்ய?

ஹமீட்: அதை நான் சொல்லேல்லை. விடுங்கோ. ...மாஸ்டர், ஒண்டு கேக்கிறன். இது மாத்தயாவின்ரை கேள்வி இல்லை. என்ரை கேள்வி.

சீவரத்தினம்: கேளுங்கோ.

ஹமீட்: மதில் உடைஞ்ச பிறகு அந்தத் தீவுச் சனத்துக்கு என்ன நடந்தது?

சீவரத்தினம்: ...நானா, நீங்கள் எந்த ஊர்?

ஹமீட்: நல்ல நேரத்திலை ஊர் கேக்கிறியள்.

சீவரத்தினம்: சும்மாதான்...

ஹமீட்: மறிச்சுக்கட்டி. இப்ப புத்தளத்திலை ஓலைக் கொட்டில். இயக்கப் பொடியள் எங்கட சோனகச் சனத்தை எல்லாம் ஊரை விட்டுப் போகச் சொல்லி எட்டு வருசம்.

சீவரத்தினம்: நானா, அப்ப நாங்கள்...

ஹமீட்: ஏன் நிப்பாட்டிப்போட்டியள்? நான் உங்களை ஒண்டும் கேக்கேல்லை. நீங்களோ எங்களைப் போகச் சொன்னியள்? அந்தத் தீவுச் சனத்தைத்தான் கேக்கிறன்.

சீவரத்தினம்: கனபேரை வெட்டினாங்கள். மிச்சப் பேரை... முப்பதாயிரம் எண்டு எழுதியிருக்கு... அடிமையா வித்துப்போட்டாங்கள்.

ஹமீட்: ஒருத்தரும் தப்பேல்லையோ?

சீவரத்தினம்: கொஞ்சப்பேர் தப்பினவை. சீதோன்காரர் அலெக்சாந்தரின்ரை பக்கம் கப்பல் கொண்டுவந்தவை. ஆனா அயலூர்ச் சனம் எல்லே. ஆருக்கும் தெரியாமல் ஆக்களைக் கப்பலுக்குள்ளை ஒளிச்சு ஏத்திக்கொண்டு போட்டினம்.

ஹமீட்: அலெக்சாந்தரின்ரை சம்பளத்திலை நிண்டுகொண்டு...

சீவரத்தினம்: ஓம்.

ஹமீட்: ம். இஞ்சை பாருங்கோ, மாத்தயா முறைக்கிறார். ரெண்டு பேரும் இவ்வளவு நேரம் என்ன குசுகுசுக்கிறியள், சனத்துக்கு என்ன நடந்ததெண்டு தனக்கும் சொல்லட்டாம். பொறுங்கோ... ... சரி, சொல்லிப்போட்டன்.

சீவரத்தினம்: எல்லாத்தையுமோ?

ஹமீட்: எல்லாத்தையும்தான். நீங்கள் மிச்சத்தைச் சொல்லுங்கோ, கெதியா. ஜீப் சத்தம் கேக்குது.

சீவரத்தினம்: எகிப்துக்குப் போனான். அங்கை சண்டையே இல்லை, சனம் மாலை போட்டு வரவேற்றுது. திரும்பி வந்து தாரியுஸை இன்னொருக்கா அடிச்சான், அதோடை பாரசீகம் முழுக்க அவன்ரை. பேந்து மலையள் தாண்டி இந்தியாப் பக்கம். போரஸ் எண்ட ராசா ஆனைப்படையோடை வந்தான். இவன்ரை குதிரையள் அதுவரைக்கும் ஆனையைக் கண்டதில்லை...

ஹமீட்: எங்கட ஊர்ப் பக்கம் ஒரு மாசம் விட்டிருந்தா பழகியிருக்கும். இரவிலை வளவுக்குள்ளை நிக்கும்.

சீவரத்தினம்: அதையும் வெண்டான். ஆனா அங்காலை போகேலாமல் போச்சுது. படை நிண்டிட்டுது. எட்டு வருசம் நடந்த படை. உடுப்பு இல்லை, விடாத மழை, பாதிப்பேர் செத்துப்போனாங்கள். "இனி ஒரு அடியும் வைக்க மாட்டம், எங்களை வீட்டை விடுங்கோ" எண்டு வயது போன சிப்பாய்மார் அழுதாங்கள். ராசா கோவத்திலை கூடாரத்துக்குள்ளை போய்ப் படுத்தான். ஒருத்தரும் மசியேல்லை. உலகத்தையே வெண்டவன் தன்ரை ஆக்களட்டைத் தோத்துப்போனான்.

ஹமீட்: மாஸ்டர்... கொஞ்சம் மெல்ல. வாசல்லை நிக்கிற ரெண்டு பேரும் காதை இஞ்சை வைச்சுக்கொண்டு நிக்கிறாங்கள். அவங்கள் லீவிலை ஊருக்குப் போய் எவ்வளவு காலமெண்டு மாத்தயாவுக்கும் தெரியும்.

சீவரத்தினம்: அப்ப விட்டிடுவமோ?

ஹமீட்: படை ஏன் திரும்பினது எண்டு கேட்டுப்போட்டாரே. நான் சொல்லுறன்... ...

சீவரத்தினம்: என்ன நானா, நான் இவ்வளவு சொன்னனான், நீங்கள் நாலு சொல்லிலை முடிச்சிட்டியள்? ஏன் அவர் இப்பிடிச் சிரிக்கிறார்?

ஹமீட்: சிங்களத்திலை சொன்னா அது கொஞ்சம் பகிடியா வரும். நீங்கள் அவனைக் கெதியாச் சாக்காட்டுங்கோ.

சீவரத்தினம்: வனாந்தரத்தாலை திரும்பி வந்தான். பாபிலோனிலை காய்ச்சல். வாய் பேசேலாமல் கிடந்தான். சிப்பாய்மார் வரிசையா வந்து பாத்திட்டுப் போனாங்கள், கண்ணாலை மட்டும் கும்பிட்டான். முப்பத்திரண்டு வயது.

ஹமீட்: மாத்தயா தொப்பியைக் கழட்டி மேசையிலை வைக்கிறார்.

சீவரத்தினம்: பிழையா ஏதும் சொல்லிப்போட்டனோ?

ஹமீட்: இல்லை. அவருக்கும் முப்பத்திரண்டுதானாம். அவ்வளவு நாடும் பேந்து ஆருக்குப் போனதாம்?

சீவரத்தினம்: ஒருத்தருக்கும் முழுசா இல்லை. தளபதிமார் பிரிச்செடுத்து, தங்களுக்குள்ளை காலம் முழுக்க அடிபட்டாங்கள்.

ஹமீட்: ... ...மாஸ்டர், ஜீப் வந்திட்டுது.

சீவரத்தினம்: நானா, என்ரை மனிசி இராசேஸ்வரி... அவவுக்கு ஒரு சொல்லு அனுப்பேலுமோ? நறுவிலிக்குளம் எண்டு கேட்டா ஆரும் காட்டுவினம்...

ஹமீட்: இருங்கோ, இருங்கோ! வெறுமையாத் திரும்பிப் போகச் சொல்லுறார். ஜீப்பை. ஜீப்பைத்தான்!

சீவரத்தினம்: ...உண்மையாவோ?

ஹமீட்: நீங்கள் மாஸ்டர்தானாம். இப்பிடி வகுப்பெடுக்கிறதெண்டா பிள்ளையள் பாவமாம், நித்திரை கொள்ளேலாதாம். படத்தையும் கொண்டு போகலாம். ஆனா ஒண்டு. படத்துக்கு மேலை பெரிசா "இது மன்னார் இல்லை" எண்டு எழுத வேணுமாம்.

சீவரத்தினம்: எழுதுறன். எத்தினை தரமெண்டாலும் எழுதுறன்.

ஹமீட்: அந்தச் சிவப்புப் பேனையை மட்டும் எடுத்துப்போடாதேங்கோ. இந்தாங்கோ, நீலம்.

சீவரத்தினம்: எழுத்துக் கோணிப்போச்சு.

ஹமீட்: கோணினா என்ன. அலெக்சாந்தர் வந்து பாக்கப்போறானோ? வாங்கோ, அவர் மனம் மாற முந்தி வெளியிலை போவம். பஸ்ஸடி மட்டும் நானும் வாறன்.

சீவரத்தினம்: ...அப்பாடா. காத்து வருது. உள்ளுக்கை மூச்சே விடேல்லை நான்.

ஹமீட்: நானும்தான். அல்ஹம்துலில்லாஹ். வகுப்புக்குப் போறியளோ, வீட்டை போறியளோ?

சீவரத்தினம்: வகுப்புக்கு. பிள்ளையள் பாத்துக்கொண்டிருக்கும். நானா, உங்களுக்கு எப்பிடி நன்றி சொல்லுறதெண்டு...

ஹமீட்: எனக்கு என்னத்துக்கு? நீங்கள் சொன்னதை அப்பிடியே சொன்னன். அதுக்குத்தானே என்னை வைச்சிருக்கு.

சீவரத்தினம்: அப்பிடியேயோ?

ஹமீட்: ஒரு சொல்லு மாத்தேல்லை. அந்தா பஸ் வருது. படத்தை மடிச்சுப்போடாதேங்கோ.

சீவரத்தினம்: நானா, நான் கலியாணத்துக்கு முந்தி நாலு வருசம் குருநாகலிலை படிப்பிச்சனான். சிங்களம் எனக்கு நல்லா விளங்கும்.

ஹமீட்: ...அல்லாவே! அப்ப நான் சொன்னதெல்லாம்...?

சீவரத்தினம்: படைக்கு வயித்தாலை போய்த்தான் திரும்பினது எண்டதும் கேட்டது. இந்த மாஸ்டரைப் பத்து வருசமாத் தெரியும், பிழை வந்தா என்னைப் பிடியுங்கோ எண்டதும் கேட்டது. இண்டைக்குத்தானே என்னைக் கண்டனீங்கள்.

ஹமீட்: பேந்து ஏன் மாஸ்டர் வாய் திறக்காமல் இருந்தனீங்கள்?

சீவரத்தினம்: பயம்தான். எங்கை படிச்சனீ, ஆர் படிப்பிச்சது எண்டு அது வேற துவங்கும். அதோடை... நானே சிங்களத்திலை கதைச்சிருந்தா உண்மையை மட்டும்தான் சொல்லியிருப்பன். ஜீப்பிலை ஏத்தியிருப்பாங்கள்.

ஹமீட்: வயித்தாலை போனதுக்கு நான் வெக்கப்படேல்லை. அந்தத் தீவுச் சனத்தைப் பத்திச் சொன்னதுதான்... அதைக் குறை நினையாதேங்கோ. வித்துப்போட்டாங்கள் எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை. சரித்திரத்தைப் பொய்யாக்கிப்போட்டன்.

சீவரத்தினம்: "அந்தச் சனம் கொஞ்சக் காலத்தாலை திரும்பி வந்து, தங்கடை தங்கடை வளவிலை குடியிருந்தது" எண்டுதானே சொன்னனீங்கள்? அது பொய்யில்லை, நானா. இன்னும் ஊர் திரும்பாத உங்கடை முகத்தைப் பாத்தாப்போலை எனக்குத்தான் அதைச் சொல்ல வரேல்லை... தீருக்குச் சனம் திரும்பி வந்தது.