ஏழாம் குடுவையைப் பட்டினி போட்டவர்

கடல்நீர்க் குடுவைகளின் காவலரே! கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகளைக் கண்ணுக்குள் வைத்துக் காத்த கருணையாளரே! இருபத்தொன்பது ஆண்டுகள் புரொண்பி நகரிலிருந்து எந்தப் பனியிலும் இந்த ஆய்வுகூடத்துக்குப் பிந்தாமல் வந்த பெருந்தகையே! இன்றோடு ஓய்வு பெறும் யேசுரட்ணம் அண்ணையே! தயவுசெய்து ஐந்து நிமிடம் கதிரையில் இருங்கள்.

இருக்கமாட்டார். இன்று காலையிலிருந்து நாலு தரம் வளர்ப்பறைக்கு ஓடிவிட்டார். கேக் வெட்டும்போதும் ஓடுவார். காரணம் ஏழாம் குடுவை.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாரியிலே, பச்சைப்பசேலென்ற குடுவைகளின் நடுவே ஒன்று மட்டும் வெளுத்திருக்கக் கண்டார். தபசுகால நோன்பிலும் ஒருநேரமாவது உண்டு வளர்ந்த மன்னார் மனம் பொறுக்கவில்லை. பாசிக்கு உரமான பொசுபேற்றைக் கொஞ்சம் ஊற்றிவிட்டார். பாசி செழித்தது, ஆறு மாதப் பரிசோதனை பாழானது. ஏன் ஊற்றினார் என்று எங்களில் மூத்த பேனாட் கேட்டார்.

"பாவமாக் கிடந்ததடா பேனாட். பசிச்சா ஆரும் வெளுப்பினம்தானே?"

"அண்ணை, அதைப் பாக்கத்தானே பேராசிரியை பட்டினி போட்டவ!"

பேராசிரியை அவரை வேலையால் நிறுத்தவில்லை. பலகையின் முன் இருத்திப் படம் கீறினார். நடுக்கடலில் பொசுபரசு அருமை. அது கிடைக்காதபோது பாசி தன் மென்சவ்விலுள்ள பொசுபரசுக் கொழுப்பைக் கழற்றி, கடலில் தாராளமாயுள்ள கந்தகத்தால் செய்த கொழுப்பை மாட்டிக்கொள்ளும். நொதியைச் சுரந்து, செத்தவற்றின் மிச்சத்திலிருந்தும் பொசுபேற்றை வெட்டியெடுக்கும். வயிறு நிறைந்தால் இந்த வித்தையெல்லாம் நின்றுவிடும்.

அன்று மூடிய கை பின்பு திறக்கவேயில்லை. பின்னாளில் தன் பொறுப்பில் வந்த ஏழாம் குடுவைப் பாசியைப் பதினொரு ஆண்டாக, தலைமுறை தலைமுறையாக, அளந்து அளந்து அரைவயிற்றோடு வளர்த்தார். யாராவது ஒருநாள் இரங்கினால் பதினொரு ஆண்டும் போச்சு.

நாளை முதல் அது கஜந்தியின் பொறுப்பு. தெருப்பூனை எல்லாவற்றுக்கும் சாப்பாடு வைக்கிற பிள்ளை. அண்ணைக்கு நித்திரை இல்லை.

"பிள்ளை, பாவம் பாத்திடாதை."

"பாக்கமாட்டன் அண்ணை."

"நானும் அப்பிடித்தான் சொன்னனான்."

நேற்று மறுபடி கேட்டபோது அவள் தலையைக் குனிந்தாள்.

"முந்தநாள் பொசுபேற்றுப் போத்தலுக்குக் கை போனது உண்மைதான் அண்ணை. மூடியைத் திறக்க முதல் இழுத்திட்டன்."

அண்ணை ஒரு நிமிடம் அசையாமல் நின்றார். இருபத்தொன்பது ஆண்டில் நாங்கள் கண்ட முதல் அசையாமை அதுதான்.

ஆதலால், அண்ணை! வேளைக்கு வயிறாரச் சோறும், குறையாத சுகமும், நிறைந்த ஆயுளும் பெற்று வாழ்க! ஏழாம் குடுவையை நாங்கள் பட்டினியாகவே வைத்திருப்போம்.

கலங்கிய கண்களோடும் பூட்டிய பொசுபேற்று அலுமாரியோடும்,
வளர்ப்பறை ஊழியர்