இரண்டு பூச்சு சாம்பல்

சாம்பல் நிறத்தில் அழுக்குத் தெரியாது என்று எல்லோரும் சொல்வார்கள். தப்பு, ஐயா. முப்பது வருஷமாகப் பெயிண்ட் அடிக்கிறவன் சொல்கிறேன். தண்ணீர் சொட்டினால் தெரியும், எண்ணெய் சிந்தினால் தெரியும், செருப்புத் தடம் தெரியும். தெரியாமல் போவது ஒன்றே ஒன்றுதான்: தரை எங்கே முடிகிறது என்பது.

நான் வேலை பார்த்தது ஒரு லாரி கம்பெனியில். முன்பு எங்கள் லாரிகள் சிவப்பு, ஷெட்டுக் கதவு பச்சை, ஆபீஸ் நீலம். போன வருஷம் விளம்பர மேனேஜராக ஒருவர் வந்தார். சின்ன வயசு. சட்டை சாம்பல், பேண்ட் சாம்பல், காரும் சாம்பல். சாம்பலார் என்று பேர் வைத்துவிட்டோம்.

"சிவப்பு கத்தும். மஞ்சள் கெஞ்சும். சாம்பல் சும்மா நிக்கும், ஆனா எல்லாரும் அதைத்தான் நம்புவாங்க" என்று எங்களை நிறுத்தி வைத்து விளக்கினார். பக்கத்தில் என் தங்கச்சி வீட்டுக்காரர் நின்றிருந்தார். ஷெட்டில் லாரிகளுக்குக் கை காட்டுகிறவர் அவர். "மச்சான், இனிமே நீங்க தலைக்கு டை அடிக்க வேண்டாம். கம்பெனி கலருக்கு வந்துட்டீங்க" என்று காதைக் கடித்தார். நான் சிரித்துவிட்டேன். சாம்பலாரும் என்னவென்று தெரியாமலே கூடச் சிரித்தார்.

ஷெட்டை நான்தான் அடித்தேன். சாம்பலார் ஒரு கலர் அட்டை கொடுத்தார். மேலே நிறத்தின் நம்பர், கீழே பேனாவால் இரண்டு வரி.

"படிச்சுட்டீங்களாண்ணே?"

"படிச்சுட்டேன் சார்."

நம்பர் எனக்குத் தெரியும். எழுத்து தெரியாது. அதை அந்தக் கம்பெனியில் யாரிடமும் சொன்னதில்லை.

சாம்பல் கலப்பது லேசான வேலை இல்லை. வெள்ளையில் கறுப்பை மட்டும் விட்டால் நீலம் பாய்ந்து செத்துப்போன மாதிரி இருக்கும். ஒரு கரண்டி மஞ்சள் பெயிண்ட் விட்டால்தான் உயிர் வரும். சுவர், தூண், தரை எல்லாம் அடித்தேன்.

ஷெட்டின் நடுவில் ஒரு பள்ளம் உண்டு. லாரிக்கு அடியில் வேலை பார்க்க மெக்கானிக் இறங்கும் இடம், ஆள் ஆழம். சுற்றிலும் ஒரு சாண் அகலத்துக்கு மஞ்சள் கோடு. மாப்பிள்ளை லாரியைப் பார்த்தபடியே பின்னால் நடந்து, "வா, வா, வா, ஒடிச்சு வா" என்று கூட்டி வருவார். திரும்பியே பார்க்கமாட்டார். காலுக்கடியில் மஞ்சள் வந்ததும் விலகிக்கொள்வார். இருபது வருஷம் அப்படித்தான்.

மஞ்சளை ஒரே பூச்சில் மறைக்க முடியாது. இரண்டு பூச்சு அடித்தேன். நன்றாக மூடிக்கொண்டது.

மறுநாள் காலை முதல் லாரியைக் கூட்டி வரும்போதே மாப்பிள்ளை பள்ளத்தில் விழுந்து போய்விட்டார். உள்ளே இருந்த இரும்புப் படி பின்மண்டையில் பட்டது. ஆள் விலகிவிட்டார் என்று நினைத்து, டிரைவர் வழக்கம்போல் பள்ளத்தின் மேலேயே வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

சாவு வீட்டுக்கும் சாம்பலார் அந்தச் சட்டையோடுதான் வந்தார். என்னைத் தனியே கூப்பிட்டு, "அண்ணே, கோட்டைத் தொட வேண்டாம்னு அட்டையில எழுதியிருந்தேனே" என்றார்.

"அப்படி எதுவும் இல்ல சார்."

"அட்டை எங்க?"

"தூக்கிப் போட்டுட்டேன்."

பழியை என் தலையில் தள்ளப் பார்க்கிறார் என்று நினைத்தேன். இந்த ஆள் சாம்பலிலேயே விழ வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன். விசாரணையில் என் வார்த்தையைத்தான் நம்பினார்கள்.

தங்கச்சி என்னோடு வந்துவிட்டாள். தட்டில் சாப்பாடு போடும்போதெல்லாம், "அந்தச் சாம்பச் சட்டைக்காரன் வெளங்கவே மாட்டான்ணே" என்பாள். அவள் படித்தவள். "கேஸ் பேப்பர்ல எவனாவது எதையாவது எழுதி உன் கைநாட்டை வாங்கிடப் போறான். உக்காரு" என்று ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தாள். என் அரிச்சுவடியைப் பார்த்து, என் வீட்டில் அவள் ஒரே ஒரு தடவை சிரித்தாள். "நண்டு ஊர்ந்த மாதிரி இருக்குண்ணே."

அட்டை என் பிரஷ் பெட்டியிலேயே இருந்தது. அவளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பள்ளத்தைக் கனத்த பலகை போட்டு மூடியிருந்தார்கள். அதற்கும் சாம்பல் அடித்தது நான்தான். சாம்பலார் ஒரு நாள் வந்து, புது விளம்பரத்துக்கு ஷெட்டில் படம் எடுக்கப்போவதாகச் சொன்னார். "அது முடிஞ்சதும் உங்க தங்கச்சிய வந்து பாக்கறேண்ணே. நடந்ததை அவங்ககிட்ட ஒருதரம் சொல்லிடணும். தூக்கமே இல்ல."

"வாங்க சார்" என்றேன்.

நடுவில் மூன்று பலகைகளை எடுத்துவிட்டு, மெல்லிய ப்ளைவுட்டை அறுத்துப் பொருத்தினேன். அதே நம்பர், இரண்டு பூச்சு, காய்ந்ததும் மேலே ஷெட்டுத் தூசி. காலை எட்டு மணிக்கு வெயில் சரிந்து விழுந்தபோதும் எனக்கே வித்தியாசம் தெரியவில்லை. நல்ல வேலை.

சாம்பலார் லாரிக்கு முன்னால் வந்து நின்றார்; அவர் மறைக்காமல் முழு லாரியும் படத்தில் வர வேண்டும் என்றார் போட்டோக்காரர். நான் அவருக்குப் பக்கத்தில் நின்று கை காட்டினேன். "சார், இன்னும் ரெண்டடி பின்னால. வாங்க, வாங்க, வாங்க." சாம்பலார் நம்பி வந்தார். இரும்புப் படியை நான் அகற்றவில்லை.

அட்டையை என் பெட்டியிலிருந்து நீங்கள்தான் எடுத்தீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. எப்போது படித்தாய் என்று கேட்கிறீர்கள். படம் எடுப்பதற்கு நாலு நாள் முன்னால், எழுத்துக் கூட்டி நானே படித்தேன். 'பள்ளத்தைச் சுற்றி இருக்கும் மஞ்சள் கோட்டைத் தொட வேண்டாம் அண்ணே. ஆட்கள் நடக்கும் இடம்.' சந்தேகத்துக்கு இன்னொரு தடவையும் படித்தேன். பிறகுதான் ப்ளைவுட் அறுக்கப் போனேன்.

இதைத் தங்கச்சியிடம் மட்டும் காட்டாதீர்கள். அவள் யாரைச் சபிக்க வேண்டுமோ அவரைத்தான் சபித்துக்கொண்டிருக்கிறாள். மாப்பிள்ளையைக் கொன்றவர் அவர்தான். அவ்வளவு பெரிய விஷயத்தை வாயால் சொல்லியிருக்க வேண்டாமா, ஐயா?