வடக்கப் பாத்த பலகை

இன்னா தம்பி சொல்ற, மோட்டார் நல்லாத்தான் கீதா? அப்ப ஏன் தண்ணி நூலாட்டம் வருது? நட்ட நாத்து இன்னும் பச்ச புடிக்கல, அதுக்குள்ள கழனி வெடிச்சிக்கினு கெடக்குது. 

சோலார் பலகையா? அதுக்கு இன்னா கொறச்சல்? வைகாசில போட்டப்ப தண்ணி என்னமா கொட்டுச்சி தெரியுமா? ஆடி மாசம் முச்சூடும் ஒரு பேஜாரும் இல்ல. இன்னாது, வடக்கப் பாத்து வெச்சிக்கீதா?

இரு இரு, மெதுவா சொல்லு. வைகாசில சூரியன் நம்ம உச்சி மேல, கொஞ்சம் வடக்காலயே போவுது, அதனால தெரியல. இப்ப தையில தெக்கால எறங்கி சாஞ்சிக்கினு போவுது. வெயிலு பலகைல நேரா விழாம வழுக்கிக்கினு போயிடுது. அட ஆமா! பொங்க வெச்சி சூரியனுக்குப் படைச்சிட்டு, அந்தப் பலகைக்கும் ஒரு பொட்டு வெச்சேன். மத்தியானத்துல கெணத்து மேடு சுள்ளுனு காயுது, பலகை வெதவெதன்னுதான் இருந்துச்சி. என் மண்டைல ஏறலியே.

யாரு மாட்டினதா? எம் புள்ள ஜெகன்தான். ஆஸ்திரேலியால கூரை கூரையா ஏறி இந்த வேலதான் பாத்துக்கினு இருந்தான். இன்னாது, அந்த ஊர்ல சூரியன் வடக்காலதான் போவுமா? நாம பூமிக்கு மேப்பக்கம், அவங்க கீழ்ப்பக்கம், அதனாலயா? அடக் கடவுளே, அங்க பழகின கை அப்பிடியே இங்கயும் மாட்டிட்சா!

சிரிக்காதப்பா. சாலவாக்கம் போன ஜெகன் வந்துக்கினு கீறான் பாரு, அவன் பைக்கு சத்தந்தான் அது. தப்பா வெச்சிட்டன்னு மட்டும் சொல்லிடாத. நல்லாத்தான் வெச்சிக்கீற, வைகாசிக்கு வடக்கு, தைக்கு தெக்கு, அப்பப்ப திருப்பி வுடணும்னு சொல்லு. அது பொய்யி கூட இல்லியே? அவன் கையாலயே திருப்பட்டும். பெத்தவ கேக்கறேன், உனுக்குப் புண்ணியமாப் போவும்.

அங்க வேல பறிபோயி ஊருக்கு வந்தவன் யாராண்டயும் பேசவே மாட்டான். இத்த மாட்டி தண்ணி வந்தன்னிக்குத்தான் வாயத் தொறந்து சோறு கேட்டான். ஊரெல்லாம் இட்டாந்து காட்டினான்.

கை கழுவணுமா? உள்ளாற போ, பாத்ரூம் அந்தாண்ட கீது. கதவ சும்மா சாத்திக்க தம்பி, தாப்பா இல்ல. வூட்ல ஒரு கதவுலயும் இல்ல, நாந்தான் கழட்டிப் போட்டேன். போன பங்குனில அவன் உள்ள தாப்பா போட்டுக்கினு பயிருக்கு வெச்ச மருந்தக் குட்ச்சிட்டான். கதவ ஒடச்சித்தான் தூக்கினோம்.