மாவுத் தட்டில் விழுந்த எண்

நீங்கள் கொடுத்த தேநீர் நன்றாகவே இருக்கிறது, ஐயா. குவளையின் விளிம்பில்தான் யாருடைய விரல் ரேகையோ படிந்திருக்கிறது. எனக்கு அழுக்கு ஆகாது. அதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் உங்களுக்கு எளிதாகப் புரியும்.

என் தம்பி வென்-ஷியோங்குக்கு ஐம்பத்தொரு வயது. புத்தி ஐந்து வயதிலேயே நின்றுவிட்டது. எங்கள் ஹூவெய் ஊரில், அப்படிப்பட்டவர்கள் வழியாகத்தான் சாமி லாட்டரி எண் சொல்லும் என்பார்கள். அவன் பையனாக இருந்தபோது மாதத்துக்கு மூன்று குலுக்கல்தான். அக்கம்பக்கத்தார் கொய்யாப்பழத்தோடு வந்து, தட்டில் அரிசி மாவைப் பரப்பி அவன் முன் வைப்பார்கள். அவன் விரலால் கிறுக்குவதை எண்ணாகப் படிப்பார்கள். அந்த எண் குலுக்கலில் வராவிட்டால், தாங்கள் வேண்டிக்கொண்ட சாமிச் சிலைகளின் கையை உடைத்துச் சாக்கடையில் வீசுவார்கள். ஒருமுறை அந்தச் சேற்றிலிருந்து சிலை ஒன்றை எடுத்துப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினேன். அன்றிலிருந்து இந்த ஜனங்களை நினைத்தாலே எனக்குக் குமட்டும்.

இப்போது யாரும் வீட்டுக்கு வருவதில்லை. எண்ணும் பந்தயமும் கைபேசியிலேயே. ஞாயிறு தவிர எல்லா நாளும் குலுக்கல். கழிப்பறையில் உட்கார்ந்தபடி கட்டுகிறார்கள், ஐயா. தண்ணீர் ஊற்றும் சத்தத்தோடு குரல் செய்தி அனுப்புகிறார்கள். கைபேசியில் நான் நடத்தும் குழுவில் இரண்டாயிரம் பேர், மாதச் சந்தா. தம்பி கிறுக்குவதைத் தினமும் மாலையில் நேரலையாகக் காட்டினேன். நான் ஒரு நாளும் பந்தயம் கட்டியதில்லை. அதை வாக்குமூலத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

தினமும் உட்கார்ந்ததில் அவன் சோர்ந்துபோனான். வெறும் வட்டமாகப் போட்டான். ஆட்கள் குழுவிலிருந்து விலகினார்கள். போன வசந்தத்தில் அவனுக்குக் காய்ச்சல் வந்த நான்கு நாளும் எண்கள் பலித்திருந்தன. கொய்யாப்பழக் காலத்திலிருந்தே வரும் சூய்-கிம் அத்தைதான் அதை நினைவுபடுத்தினாள்.

"ஜுரத்துலதான்டி சாமி அவன் மேல எறங்குது. நீ மாத்திரை குடுத்து வெரட்டிவிட்டுடுற."

நான் விரட்டவில்லை. ஜனவரிக் குளிரில், மாலை நான்கு மணிக்கு அவனைப் பச்சைத் தண்ணீரில் குளிப்பாட்டி, ஈரத்தோடு மின்விசிறி முன் உட்கார வைத்தேன். குளிப்பது சுத்தம்தானே. காதுக்குப் பின்னால்கூடச் சோப்புப் போட்டேன்.

"குளுருதுக்கா. நல்லா எழுதுறேன், துண்டு குடுக்கா" என்றான்.

எழுதியபின் கொடுத்தேன். மூன்றாம் நாள் காய்ச்சல் வந்தது. எண்களும் வந்தன, போனவர்கள் திரும்பி வந்தார்கள். அதனால் நிறுத்தவில்லை.

பன்னிரண்டாம் நாள் அவன் நெஞ்சில் கொதிக்கும் கஞ்சிபோலச் சத்தம் கேட்டது. ஆறு மணிக்குத் தட்டை வைத்தேன். விரல் மாவில் இரண்டு முறை இழுபட்டது; பிறகு தலை சாய்ந்தது. குழுவில் பதினேழு என்று படித்தார்கள். படம் தெளிவாக இல்லை என்றும் சொன்னார்கள். தட்டை விளக்கடியில் வைத்து மறுபடி எடுத்து அனுப்பினேன். அவன் மூக்கிலிருந்து வழிந்ததைத் துடைத்தேன், சட்டை மாற்றினேன், தரையைக் கழுவினேன். அதன்பிறகு ஆம்புலன்சைக் கூப்பிட்டேன். நாற்பது நிமிடம் ஆகியிருக்கும். அன்று பதினேழு வந்தது.

நான்தான் கொன்றேன் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அந்த இரண்டாயிரம் பேரோடு என்னைச் சேர்க்காதீர்கள். எண்ணுக்காக எச்சில் ஒழுக நிற்கும் பிறவிகள் அவர்கள். எனக்கு அந்த வெறி என்றுமே இருந்ததில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். பிணவறையில் அவன் கால்விரலில் ஓர் அட்டை கட்டியிருப்பார்கள். அதில் என்ன எண் இருக்கிறது என்று பார்த்துச் சொல்வீர்களா? எனக்காக இல்லை, ஐயா. குழுவில் காத்திருப்பார்கள், இன்று எட்டரைக்குக் குலுக்கல்.