விசாரணை வேண்டாத வழக்கு

கல்யாணமோ சாவோ, ஆளைத் திரட்டிக் காரியத்தை முடித்துக் கொடுப்பதில் இந்த ரங்கூனில் என்னை மிஞ்ச ஆளில்லை. உட்காருங்கள் வக்கீலம்மா, டீ ஆறிவிடும்.

க்யிம்யிண்டைங் சந்தையில் என் அப்பா துணிக்கடை வைத்திருந்தார். பேரம் படியாத ஆளின் கால் எந்த நிமிஷம் வாசல் பக்கம் திரும்பும் என்பது எட்டு வயதிலேயே எனக்கு அத்துப்படி. அந்தப் படிப்பை வைத்துத்தான் இருபத்தாறு வருஷமாக ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் தியேட்டரை மேய்க்கிறேன். ஆல்பின் என்ற என் பெயர் ஊர்க்கோடி தாகேதா வரைக்கும் தெரியும்.

புஷ்பா தன் அம்மாவின் சாவுக்காக எங்கள் மேல் போட்ட வழக்கு ஏன் விழுந்தது என்று கேட்கிறீர்கள். மேல்முறையீட்டுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கிறது, நான் நடந்ததை எழுதிக் கையெழுத்திட்டால் வழக்கு பிழைக்கும் என்கிறீர்கள். கையெழுத்துப் போட மாட்டேன். வாயால் சொல்கிறேன். வெளியே போய்ச் சொன்னால் இல்லை என்பேன். எதற்கும் நான் வெட்கப்படவில்லை.

நீதிபதி விசாரணைக்கே போகாமல் தீர்ப்பைச் சொல்லிவிட்டார். ஆபரேஷனில் தவறு என்றால் இன்னொரு சர்ஜன் அப்படி எழுதித்தர வேண்டும். எழுதித்தர ஒருவரும் இல்லை. ஆகவே விசாரிக்க ஒன்றுமில்லை. ஒன்றரைப் பக்கம், சட்டப்படி சுத்தம். அந்த ‘ஒருவரும் இல்லை’ தானாக விளைந்தது என்றா நினைத்தீர்கள்?

மிங்கலாடோன் பக்கம் இருக்கிற டாக்டர் ஜெபதாஸ் உங்களுக்கு எழுதித்தர ஒப்புக்கொண்டிருந்தார். புஷ்பாவின் அம்மா பவுனம்மாளின் காய்ச்சல் அட்டையைப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாளே வயிற்றைத் திறந்து பார்த்திருக்க வேண்டும் என்றாராம். உண்மைதான். அவரை நான் மிரட்டவில்லை. ஓர் ஆசிரியர் வணக்க விழா நடத்தினேன், அவ்வளவுதான். பவுனம்மாளுக்குப் பித்தப்பை எடுத்தவரை நாங்கள் எல்லோரும் சயாஜீ, அதாவது பெரிய வாத்தியார், என்றுதான் கூப்பிடுவோம். ஜெபதாஸுக்குக் கத்தி பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர். பழைய மாணவர்கள் அறுபது பேரை வரவழைத்து ஜெபதாஸை முதல் வரிசையில் உட்கார்த்தினேன். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற மனுஷன்தான். இருந்தாலும் இந்த ஊரில் வாத்தியாருக்கு மண்டியிடாதவர் யார்? நெற்றி தரையில் பட வணங்கினார். சயாஜீ அவருடைய சின்ன மகளைப் பெயர் சொல்லி விசாரித்தார். ஜெபதாஸுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தப் பெயரைக் காலையில் சயாஜீயின் காதில் போட்டுவைத்தது நான்.

மறுநாள் ஜெபதாஸ் உங்களிடம் என்ன சொன்னார்? “ஆனாடேம்மா, என்னால முடியாது.” ஆனாடே என்றால் பெரியவர் மனம் கோணுமே என்ற கூச்சம். இந்த ஊரில் அதைவிடப் பெரிய பூட்டு கிடையாது. மற்ற டாக்டர்களும் அந்த அறுபது பேரில்தான் இருந்தார்கள்.

பிரேதப் பரிசோதனை ஏன் நடக்கவில்லை என்றும் நீதிபதி கேட்டார். நல்ல கேள்வி. பவுனம்மாள் போன அன்று காலை புஷ்பா என்னிடம் வந்தாள். அவளுக்கு வேறு யாரும் இல்லை.

“அங்கிள், அம்மா வயிறு ஏன் அப்படிக் கல்லு மாதிரி இருந்துச்சு? அறுத்துப் பாக்கச் சொல்லலாமா?”

“ஏம்மா, ஒரு தடவை கிழிச்சது பத்தாதா?” என்றேன்.

மத்தியானத்துக்குள் வண்டி, பூ, ஐயர், சுடுகாட்டு அனுமதி எல்லாம் என் பொறுப்பில் முடிந்தது. நாலு மணிக்கெல்லாம் தகனம். அந்தப் பெண் என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள்.

வயிறு ஏன் கல்லாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உள்ளே ஒரு துணி இருந்தது. ஆபரேஷனில் ரத்தம் ஒற்றுகிற துணி, கைக்குட்டை அளவு. இருபது கொடுத்தோம், பத்தொன்பது திரும்பியது. ஆபரேஷன் நடந்த அன்று சாயந்திரமே கையுறை மாட்டிக்கொண்டு குப்பைத் தொட்டிகளை நானே கிளறினேன். இல்லை. வேறு எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? பவுனம்மாள் போகும்வரை ஒன்பது நாளும் அந்தக் கட்டிலருகே போய் நலம் விசாரித்தேன். வாயுத் தொல்லை என்றேன், வெந்நீர் குடிக்கச் சொன்னேன். நர்ஸ் சாரா என்னை ஒரு மாதிரியாகப் பார்க்க ஆரம்பித்ததும் அவளைப் பிரசவ வார்டுக்கு மாற்றினேன்.

எல்லாம் சயாஜீக்காக. எழுபத்தொரு வயது, நாற்பது வருஷப் பெயர். ஒரு துண்டுத் துணிக்காக அது நாறவேண்டுமா? நான் காப்பாற்றினேன். நாளைக்கே அப்படி ஒன்று நடந்தாலும் காப்பாற்றுவேன்.

தைக்கும் முன் அவர் துணிகளின் எண்ணிக்கையைக் கேட்கவில்லையா என்கிறீர்கள். கேட்டார். ஊசியைப் பிடித்தபடி நின்று, சரியாக இருக்கிறதா, சந்தேகமென்றால் தேடலாம், தனக்கு அவசரமில்லை என்றார். இரண்டு தடவை கேட்டார். முதல் தடவை நான் எண்ணிப் பார்க்காமலே இருபது என்று சொல்லியிருந்தேன். அத்தனை பேர் முன்னால் அதை எப்படி மாற்றுவது? மறுபடியும் இருபது என்றேன். அவர் என்னை நம்பித் தைத்துவிட்டார். இன்றுவரை அவருக்குத் தெரியாது.

தெரிந்தால் மனுஷன் உடைந்துபோவார் வக்கீலம்மா. அவர் முகத்துக்காகத்தான் கையெழுத்துப் போடாமல் இருக்கிறேன்.