குழிக்காவல் பொடி

மைசூரில் எலி இல்லாத வீட்டில் நான் இதுவரை காபி குடித்ததில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, இன்ஸ்பெக்டர் ஸார். பதினெட்டு வருஷம் எலியை நம்பித்தான் பிழைத்தேன். பிளேக் ஒழிப்பு வேலை. எந்த ஆபீஸ் என்று எழுத வேண்டாம். அங்கே இன்னும் இரண்டு யோக்கியர்கள் இருக்கிறார்கள், அவர்கள் மனசு கஷ்டப்படும். பிரகாசம் என்று பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயரைத் தெருக்காரர்கள் 'இலி பிரகாசம்' ஆக்கிவிட்டார்கள். கன்னடத்தில் இலி என்றால் எலி.

சுதந்திரம் வந்தது, பின்னாலேயே எலிமேல் இருக்கிற தெள்ளுப்பூச்சியைக் கொல்கிற டி.டி.டி. மருந்து வந்தது. எலிகள் அப்படியே இருந்தன, பிளேக் மட்டும் போய்விட்டது. ஆபீசில் எங்களுக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான். வளைக்குள் ஊதுகிற சயனைடு பொடி நாற்பது டின் மிச்சம் கிடந்தது. தனியார் யாரும் அதை வைத்திருக்கவும் விற்கவும் கூடாது, ஊருக்கு வெளியே குழி தோண்டிப் புதைத்துவிட வேண்டும் என்று உத்தரவு. நான் குழி தோண்ட வைத்தேன், மூடவும் வைத்தேன். டின்களை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மேலதிகாரி வந்து மூடிய மண்ணைச் செருப்புக் காலால் தட்டிப் பார்த்துத் திருப்தியோடு போனார்.

ரிட்டையரானதும் அக்ரஹாரத்தில் விதையும் மண்வெட்டிப் பிடியும் விற்கிற சின்னக் கடை போட்டேன். டின்னில் சிவப்பாக மண்டையோடு போட்ட லேபிள் இருந்தது. மண்டையோட்டைக் காசு கொடுத்து வாங்கிப்போக யாருக்கு மனசு வரும்? வெந்நீரில் ஊறவைத்து உரித்தேன். பதிலுக்கு மயில் படத்தோடு 'குழிக்காவல் பொடி' என்று அச்சடித்து ஒட்டினேன். என் மனைவி ரோசலின் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மயிலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அடுக்களைப் பக்கம் இதைக் கொண்டுவரக் கூடாது என்றாள். அதோடு எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வழக்கம்போல இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தோம்.

நல்ல சரக்கு, ஸார். வாங்கியவர்கள் ஒருவரும் குறை சொன்னதில்லை.

போன தை மாசம் ஹனூர்ப் பக்கத்திலிருந்து ஜடையன் என்ற குடியானவன் வந்தான். அந்தப் பக்கம் மெட்ராஸிலிருந்து பிரிந்து மைசூர் ராஜ்யத்தோடு சேர்ந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. தமிழ் பேசுகிற கடைக்காரன் என்பதாலேயே என்னை விசாரித்துக்கொண்டு வந்தான். வந்ததிலிருந்து என்னை டாக்டருங்க, டாக்டருங்க என்றே கூப்பிட்டான். நான் திருத்தவில்லை.

அவர்கள் கேழ்வரகைத் தரைக்கு அடியில் தோண்டிய குழியில் கொட்டி, வாயை மண்ணால் பூசிவிடுவார்கள். ஆள் உயரத்துக்கு மேல் ஆழம், வருஷக்கணக்கில் தானியம் கெடாது. திறந்த உடனே யாரும் இறங்குவதில்லை. முதலில் கயிற்றில் விளக்கைக் கட்டி உள்ளே விடுவார்கள். கெட்ட காற்று இருந்தால் விளக்கு அணைந்துவிடும், காத்திருப்பார்கள். எரிந்தால்தான் ஆள் இறங்குவான். எங்கள் ஆபீசில் இத்தனை ஜாக்கிரதை கிடையாது.

ஜடையனின் குழியில் எலி வளை போட்டிருந்தது. பொடியைத் தூவி மூடு, மூன்று நாள் கழித்துத் திற என்று சொன்னேன். டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டான்.

"ஏனுங்க டாக்டருங்க, தொறந்ததும் எப்பவும் போல வெளக்கு உட்டுப் பாத்துட்டு எறங்குனாப் போதுமுங்களா?"

"போதும்ப்பா," என்றேன்.

இறங்கியது அவன் தம்பி தொட்டையன். மேலே கயிற்றைப் பிடித்திருந்தவன் ஜடையன். கால் தானியத்தில் பட்டதும் தொட்டையன் களைத்தவன் மாதிரி உட்கார்ந்தானாம். தூக்கும்போது உயிர் இல்லை.

தடை செய்த விஷத்தை விற்றதாக என் மேல் கேஸ் போட்டீர்கள். மிச்ச டின்களை எடுத்துக்கொண்டீர்கள். மயிலைப் பற்றி ரொம்ப நேரம் கேட்டீர்கள். விளக்கைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் ஹனூரில் அது ஒன்றுதான் பேச்சு. விளக்கு எரிந்தது என்கிறான் ஜடையன். எரிந்திருந்தால் ஆள் எப்படிச் செத்தான் என்கிறது ஊர். பொதுவில் இருந்த நிலத்துக்காக விளக்கே விடாமல் தம்பியை இறக்கிவிட்டான் என்று முடிவு கட்டி, அவன் வீட்டுக்கு நல்லது கெட்டதுக்கு யாரும் போவதில்லை.

நேற்றுக் கோர்ட்டு வராந்தாவில் தொட்டையனின் மனைவி பசம்மா என்னிடம் வந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"வெளக்கு எரிஞ்சுதுன்னு எங்க மச்சாண்டாரு கோயில்ல சத்தியம் பண்றாருங்க. நீங்க படிச்சவிய. வெளக்கு எரிஞ்சும் மனுசன் சாவானுங்களா? அதைச் சொல்லுங்க. அவரு கையால எம்புள்ளைக சோறு திங்கலாமா வேண்டாமான்னு எனக்குத் தெரியோணும்."

"நான் அங்கே இல்லையேம்மா," என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

விளக்கு எரிந்துதான் இருக்கும், ஸார். அந்தப் பொடியின் காற்று மனுஷனைக் கொல்லும், விளக்கை ஒன்றும் செய்யாது. வேலையில் இருந்தபோது ஒரு வீட்டில் சாமி மாடத்து விளக்கு நிம்மதியாக எரிந்துகொண்டிருக்க, கீழே பூனை செத்துக் கிடந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். விளக்கை நம்பாதே, ஒரு நாள் முழுக்கத் திறந்து வை என்று லேபிளிலேயே இரண்டு பாஷையில் போட்டிருந்தது. உரிப்பதற்கு முன்னால் படித்தேன். ஜடையன் கேட்டபோதும் ஞாபகம் இருந்தது. போதாது என்றால் ஏன் என்று கேட்பான். ஏன் என்று சொன்னால் டின்னைக் கீழே வைத்துவிட்டு, யாரடா இந்த ஆள் என்று என்னைப் பார்ப்பான். இத்தனை வருஷத்தில் என்னை டாக்டர் என்று கூப்பிட்டவன் அவன் ஒருத்தன்தான்.

பசம்மா போன பிறகு எனக்கு நிஜமாகவே கஷ்டமாக இருந்தது. அதனால்தான் இவ்வளவும் உங்களிடம் சொன்னேன், இப்போது மனசு லேசாகிவிட்டது. தடை செய்த சரக்கை விற்றேன் என்பது வரைக்கும் எழுதிக்கொள்ளுங்கள், ஒப்புக்கொள்கிறேன். அபராதத்தோடு போகும் என்கிறார் வக்கீல். விளக்கு விஷயத்தை மட்டும் எழுத வேண்டாம். எழுதினால் ஜடையனைக் கூண்டில் ஏற்றி ஆளாளுக்குக் குடைவார்கள். தம்பியைப் பறிகொடுத்தவன், ஸார். அவனை மேலும் கஷ்டப்படுத்த எனக்கு மனசு வரவில்லை.